சுவரில்லாத தண்ணீர்த் தொட்டி

பிள்ளைகளா, சோம்பேறியால் கெடும் காரியம் சத்தமில்லாமல் கெடும். ஒழுங்கானவனால் கெடும் காரியம்தான் ஊரே கூடிப் பார்க்கும்படி கெடும். அந்த ஒழுங்கானவன் பேச்சுத் துணை இல்லாதவனாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சந்தேகம் வந்தால் தானே கேள்வி கேட்டு, தானே பதிலும் சொல்லி, தானே தன்னை மெச்சிக்கொள்வான்.

இருபத்து மூன்று வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். பம்பாய் செம்பூரில் கட்டப்போகிற ஒரு தண்ணீர்த் தொட்டியின் சுவரை, ஒரு கரண்டி கலவை போடுவதற்கு முன்னாலேயே இடித்துத் தள்ளினேன். கடப்பாரை இல்லை, வெடி இல்லை. ஒரு விரலால் செய்தேன். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு விரலால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டேன்.

இந்தக் கதையின் வால் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். வாலைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருஷமாகச் சிரிக்கிறீர்கள். தலையையும் உடம்பையும் இப்போது எழுதிவைக்கிறேன். (தமிழ் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு வள்ளி படித்துக் காட்டட்டும். இதில் அவளுக்குத்தான் பாத்தியதை அதிகம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். உங்கள் அம்மா சங்கரன்கோவில் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் இருந்தாள். வள்ளி அவள் வயிற்றில் இருந்தாள். ஐப்பசியில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். நான் தாராவியில் ஓர் அறையில், ஊர்க்காரர்கள் மூன்று பேரோடு இருந்தேன். நாலு பேருக்கு இரண்டு பாய். இரண்டு பேர் வேலைக்குப் போகும்போது இரண்டு பேர் படுப்பார்கள். என் பாயில் எனக்கு முன்னால் படுத்து எழுந்தவர் பால்ராஜ் அண்ணன். மில்லில் ராத்திரி ஷிப்டு. அவரை நான் தூக்கத்தில் பார்த்ததுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை விழித்திருப்பார், ஆனால் சினிமாவுக்குப் போய்விடுவார். சூடான பாய்தான் எனக்கு நன்றாகப் பழக்கம், ஆள் அல்ல. மற்ற இரண்டு பேரோடும் இதே கதைதான்.

வேலை செம்பூரில். கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனி. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்பது ஒரு கல்யாண மண்டபம் அளவு இருக்கும். எல்லோரும் வைத்துக்கொள்ள முடியாது. கோட்டைப் பக்கம் ஒரு பெரிய நிலையத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பார்கள். எங்கள் கம்பெனியில் மாடியில் இருப்பவர்கள் கணக்கைக் கட்டம் போட்ட தாளில், ஃபோர்ட்ரான் என்ற மொழியில் எழுதுவார்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அந்தத் தாள் ஒரு தட்டில் கீழே வரும். கீழே நான். தாளில் இருப்பதை அப்படியே ஒரு மெஷினில் தட்ட வேண்டும். அது தடித்த அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகத் துளை போடும். அந்த அட்டைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும்.

எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் படித்தவனுக்கு இது பெரிய வேலை. ஆனால் மூன்று மாதம் பரீட்சார்த்தம். ஆடி கடைசியில் வேலை நிரந்தரமானால் பதினைந்து நாள் லீவு கிடைக்கும், ஐப்பசியில் ஊருக்குப் போய்ப் பிள்ளை முகம் பார்க்கலாம். நிரந்தரமாகாதவன் ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது நாற்காலியில் வேறொருவன் இருப்பான். ஆக, எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பதினைந்து நாள். ராத்திரி பகல் அதே நினைப்பு.

கீழே துளை போடும் அறையில் நானும் மேரி என்ற பாந்த்ரா பெண்ணும்தான். காலையில் "குட் மார்னிங் மேரி." சாயங்காலம் "பை மேரி." அதற்கு மேல் என்னிடம் இங்கிலீஷ் ஸ்டாக் இல்லை. இரண்டு மாதத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு முழுவதையும் ஒரே அட்டையில் துளைத்துவிடலாம், கட்டமும் மிஞ்சும்.

அதனால் நான் தாள்களோடு பழகினேன். மாடியில் எழுதுகிறவர்களை நான் பார்த்ததில்லை. தாளின் மூலையில் இரண்டு எழுத்துதான் இருக்கும். அதில் 'கே.என்.' என்று கையெழுத்திடுகிறவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. உருண்டை உருண்டையான எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. வழுக்கைத் தலை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி என்று நானே அவருக்கு ஓர் உருவம் கொடுத்திருந்தேன். ஒருநாள் எழுத்து சற்றே சாய்ந்திருந்தது. பாவம், மனுஷருக்குக் காய்ச்சலோ என்று சாப்பாட்டு நேரம் முழுக்க விசாரப்பட்டேன். (சிரிக்காதீர்கள். பம்பாயில் நான் விசாரப்பட்ட ஒரே ஆள் அவர்தான். என்னைப் பற்றி விசாரப்பட அந்த ஊரில் ஆளில்லை, அதனால் கணக்கு அப்படித்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது.)

ஆடி மாதம் கே.என். எழுதிய ஒரு பெரிய கட்டு வந்தது. ஒரு ஹவுசிங் சொசைட்டியின் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு. அதில்தான் அந்தப் புள்ளிகளைப் பார்த்தேன்.

2.5 என்றால் எனக்குத் தெரியும், இரண்டரை. புள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் இருக்கிறது. ஆனால் இவர் '2.' என்று எழுதியிருந்தார். '1.' என்று எழுதியிருந்தார். புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. நாலைந்து பக்கம் முழுக்க இதே மாதிரி. இரண்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் இரண்டு என்ன கூடிவிடுமா, குறைந்துவிடுமா?

கேட்டிருக்கலாம். மாடிப்படி பத்தே பத்துதான். ஆனால் மேலே போய் எந்தப் பாஷையில் கேட்பது? அந்த அறைக்குள் எல்லாரும் இங்கிலீஷிலும் மராட்டியிலும் பேசிச் சிரிக்கிற சத்தம் கீழே வரைக்கும் கேட்கும். நான் ஒரு தடவை பாதிப் படி ஏறினேன். மேலே யாரோ சிரித்தார்கள். இறங்கிவிட்டேன்.

பிறகு நானே முடிவு செய்தேன். வயதானவர்; எண் எழுதினால் பின்னால் புள்ளி வைத்துப் பழக்கம். எங்கள் ஊரில் கல்யாண வீட்டுச் சாமான் ஜாபிதா எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். டைப்ரைட்டிங் பரீட்சையில் வேண்டாத புள்ளி ஒன்று விழுந்தால் மார்க் குறைப்பார்கள். பெரியவர் கௌரவத்தை நாம் காப்பாற்றுவோம்.

இன்னொரு ஆசையும் இருந்தது. ஒரு வரி எழுபத்திரண்டு கட்டத்துக்குள் அடங்க வேண்டும், மிஞ்சினால் அடுத்த அட்டை. புள்ளிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற வரிகள் ஒரே அட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தன. ஏழு அட்டை மிச்சம்! அட்டையை வீணாக்காதவன் என்று மேனேஜர் சாவந்த் சாஹேபுக்குத் தெரிந்தால் நிரந்தரம் நிச்சயம் என்று நினைத்தேன். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துப் பார்த்து விட்டேன்.

நியாயமாக இந்தத் தப்பு அன்றைக்கே பிடிபட்டிருக்க வேண்டும். ஒருவர் துளைத்ததை இன்னொருவர் வெரிஃபையர் என்ற மெஷினில் வைத்து, தாளைப் பார்த்து மறுபடியும் தட்ட வேண்டும் என்பது விதி. இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழும். அது பாஸ். ஒத்துப்போகாவிட்டால் மெஷின் நின்றுவிடும். என் அட்டைகளை மேரிதான் சரிபார்ப்பாள். அந்த வாரம் மேரியின் அக்காவுக்குக் கல்யாணம். அதனால் என் அட்டைகளை நானே சரிபார்த்தேன். முதல் தடவை புள்ளியை விட்டவன் இரண்டாவது தடவை ஏன் வைக்கப்போகிறேன்? ஒவ்வொரு அட்டையும் ஓரத்தில் வெட்டு வாங்கிக்கொண்டு, பிரமாதம், பிரமாதம் என்று வெளியே வந்தது. இரண்டு மாதத்தில் என்னை யாரும் அவ்வளவு பாராட்டியதில்லை.

மறுநாள் சொசைட்டியின் செகரெட்டரியே வந்துவிட்டார். தொட்டிக் கணக்கைக் கம்ப்யூட்டர் போடுவதை நேரில் பார்க்க வேண்டுமாம். கொட்டுகிற மழையில் டாக்ஸி பிடித்துக் கோட்டைக்குப் போனோம். நான் முன் சீட்டில், மடியில் அட்டைப் பெட்டியை எண்ணெய்த்துணி போட்டு மூடிக்கொண்டு, பச்சைப் பிள்ளையைத் தூக்கிப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பின்னால் சாவந்த் சாஹேப், செகரெட்டரி, ஓர் இளம்பெண். அந்தப் பெண் இங்கிலீஷில் பேசிக்கொண்டு வந்தாள். செகரெட்டரியின் மகள் போல என்று நினைத்தேன். கே.என். ஏன் வரவில்லை, காய்ச்சல் இன்னும் விடவில்லையோ என்று எனக்குக் கவலை.

கம்ப்யூட்டர் அட்டைகளை விழுங்கியது. சற்று நேரம் விளக்குகள் கண் சிமிட்டின. பிறகு அச்சு இயந்திரம் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இரைந்தது. தாள் மடிப்பு மடிப்பாக இறங்கியது.

இடது பக்கம் தொட்டியின் ஆழம், அடி அடியாக. வலது பக்கம் அந்தந்த ஆழத்தில் சுவர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பது. ஆழம் ஒழுங்காக இறங்கிக்கொண்டே போனது. கனம் 0.000. அடுத்த வரி 0.000. அதற்கடுத்தது 0.000. மேலிருந்து அடி வரைக்கும் அப்படியே. (நான் எடுத்த புள்ளிகளை அந்த இயந்திரம் தன் பங்குக்கு ஒவ்வொரு சைபருக்கும் வைத்துத் தந்திருந்தது.)

செகரெட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சாவந்த் பாய், தீவார் கிதர் ஹை?" என்றார். சுவர் எங்கே என்கிறார். "பானி கிஸ் மே ரஹேகா? ஹவா மே?" தண்ணீர் எதில் நிற்கும், காற்றிலா? சுற்றி இருந்த ஆபரேட்டர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சாவந்த் சாஹேபின் காது சிவந்தது. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "கல்யாணி! யே க்யா தமாஷா ஹை?" இது என்ன கூத்து, உன் ப்ரோக்ராம்தானே என்கிறார். அதற்குப் பிறகு இங்கிலீஷில் பொழிந்தார். எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். பெண்களுக்கு இந்த வேலையைக் கொடுத்ததே தன் தப்பு என்ற இடம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

அவள் பையிலிருந்து தன் தாள்களை எடுத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளின் மூலையில் கே.என். உருண்டை உருண்டையான எழுத்து.

என் வழுக்கைத் தலைப் பெரியவர், தங்க ஃப்ரேம், வெற்றிலைப் பெட்டி எல்லாம் ஒரே நொடியில் இடிந்து விழுந்தது. அன்றைக்கு நான் இடித்த இரண்டாவது கட்டடம் அது.

அவள் தாளில் புள்ளிகள் இருந்தன. என் அட்டையில் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்குப் பிழைத்திருப்பேன். தப்பு யாருடையது என்று தெரிவதற்குள் ஆடி முடிந்திருந்தாலும் முடிந்திருக்கும். பதினைந்து நாள் லீவு கண் முன்னால் நின்றது. வள்ளி, உன் முகம் தெரியாததால் ஏதோ ஒரு பிள்ளையின் முகமும் நின்றது. ஆனால் அந்தப் பெண் தாளைப் புரட்டுகிற வேகத்தைப் பார்க்க முடியவில்லை. செய்யாத தப்பைத் தன்னிடமே தேடிக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றேன். யாரும் திரும்பவில்லை. "சார்! டாட்ஸ் ஐ ரிமூவ் சார். ஆல் டாட்ஸ். அன்னெசெஸரி டாட்ஸ் சார்!"

எல்லாரும் திரும்பினார்கள். பம்பாயில் நான் பேசிய மிக நீளமான இங்கிலீஷ் அதுதான்.

கல்யாணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் பெயரா, என் இங்கிலீஷா, எது காட்டிக்கொடுத்ததோ தெரியாது. பட்டென்று சொன்னாள்: "எதுக்கு எடுத்தேள்? நான் ஒவ்வொரு கட்டத்துலயும் பார்த்துப் பார்த்து வச்சிருக்கேனே, அது என்ன கொசு உக்காந்துண்டிருக்குன்னு நெனச்சேளா?"

தமிழ்! மாதுங்கா ஐயர் வீட்டுத் தமிழ். எங்கள் ஊர்த் தமிழுக்கும் அதற்கும் நூறு மைல் தூரம், ஆனாலும் தமிழ். இரண்டரை மாதமாகப் பத்துப் படி உயரத்தில், என் தலைக்கு நேர் மேலே தமிழ் உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் கீழே ஊமையாக உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவள் திட்டத் திட்ட எனக்கு முகம் மலர்ந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. காது வரைக்கும் சிரிப்பு.

"சிரிக்க வேற சிரிக்கறேள்?" என்றாள் கல்யாணி.

"ஹஸ்தா ஹை!" என்று அலறினார் சாவந்த் சாஹேப். தொட்டியை இடித்துவிட்டுச் சிரிக்கிறானே என்று செகரெட்டரி ஓரடி பின்வாங்கினார்.

அங்கேயே ஒரு மூலையில் துளை போடும் மெஷின் இருந்தது. என்னை அதில் உட்கார்த்தி வைத்தார்கள். கல்யாணி பக்கத்தில் நின்று தாளைப் படிக்க, நான் தட்டினேன். "ஒண்ணு, புள்ளி. ரெண்டு, புள்ளி. எங்கே, அடிங்கோ." அட்டையை மாட்டுகிற இடைவெளியில்தான் விஷயத்தைச் சொன்னாள். அந்த மொழியில் புள்ளி இல்லாத எண் என்றால் எண்ணுகிற எண். முழுசாகத்தான் இருக்கும். ஒன்றை இரண்டால் வகுக்கச் சொன்னால் அரை வரும். ஆனால் அரை முழுசில்லை, ஆகவே அதைத் தூக்கி எறிந்துவிட்டு சைபர் என்று சொல்லிவிடும். சைபரால் எதைப் பெருக்கினாலும் சைபர். நான் எடுத்த புள்ளிகளில் முக்கால்வாசி ஒரு கெடுதலும் செய்யவில்லையாம். வகுத்தல் இருந்த மூன்றே மூன்று இடம்தான் சுவரைச் சாய்த்திருக்கிறது. வேறு சில கம்ப்யூட்டராக இருந்தால் இரண்டு வகை எண்ணையும் ஒரே வரியில் கலந்ததற்கே கத்தி நிறுத்தியிருக்குமாம். இது புதுசு, பெருந்தன்மையானது. பேசாமல் கணக்குப் போட்டுவிட்டது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. "ஏன் மேடம், ரெண்டுன்னா ரெண்டுதான? இம்புட்டுப் பெரிய மிஷினு, அதுவா புரிஞ்சுக்கிடப்படாதா?"

"எண்றதுக்கு ஒரு ரெண்டு, அளக்கறதுக்கு ஒரு ரெண்டு. கொழந்தைகள் ரெண்டுன்னா ரெண்டேதான், ரெண்டேகால் கொழந்தை உண்டோ? ஆனா மாதுங்கா மார்க்கெட்ல ரெண்டு முழம் பூ வாங்கிப் பாருங்கோ. என்னிக்காவது சரியா ரெண்டு முழம் இருந்திருக்கோ?"

"அது பூக்காரி கை முழம்லா மேடம். மிஷினுக்குமா கை கட்டை?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அடிங்கோ. மூணு, புள்ளி."

(என் கட்சியை நான் இன்னும் விடவில்லை. ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை என்று சொல்லிவிட வேண்டும். முழுசுதான் வேண்டும் என்கிறவன் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். வாஷியில் கம்ப்யூட்டர் ஆபீசில் இருக்கிற பேரன், இப்போது சில மொழிகளில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னான். அன்றைக்குப் பாயசம் வைத்திருக்க வேண்டும். வைத்துக் கொடுக்க ஆளில்லை.)

கடைசி அட்டைகளை அடித்துக்கொண்டிருக்கும்போது கல்யாணி கேட்டாள். "ஏன் அப்படிச் சிரிச்சேள்?"

"இங்க வந்து இம்புட்டு நாள்ல யாரும் தமிழ்ல ஏசலை மேடம்."

அவள் எந்த வரியில் விட்டோம் என்பதை மறந்துபோய், மேலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

இரண்டாவது தடவை தொட்டிக்குச் சுவர் வந்தது. அடியில் கனம், மேலே மெலிசு, பார்க்கவே லட்சணமாக இருந்தது. செகரெட்டரி சமாதானமாகப் போனார். சாவந்த் சாஹேப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சச் போலா, அச்சா கியா. லேகின் பர்மனெண்ட் நஹீ." உண்மையைச் சொன்னாய், நல்லது, ஆனால் நிரந்தரம் இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்பாராம். வேலை போகவில்லை என்பதே பெரிசு என்று ஆபீசில் எல்லாரும் சொன்னார்கள். பெரிசுதான். ஆனால் ஆடியிலிருந்து ஆறு மாதம் எண்ணினால் தை. ஐப்பசி நடுவில் எங்கேயோ கிடந்தது.

ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு ஃபோர்ட்ரானை எப்படிச் சொல்வது? இன்லண்டு லெட்டரில் அட்டை மாதிரிப் படம் எல்லாம் போட்டு, எண்ணுகிற எண், அளக்கிற எண், பூ முழம் எல்லாம் எழுதி, மடிக்கிற ஓரத்தில் இடம் மிஞ்சியதில் 'ஆகையால் பிரசவத்துக்கு வர இயலாது, ஆறு மாதம் ஆகும்' என்று எழுதினேன். முக்கியமான விஷயத்தை மடிப்பில் ஒளித்து எழுதுகிற கோழைத்தனம், வேறென்ன.

பத்து நாளில் பதில் வந்தது. அம்மாவின் கையெழுத்து உங்களுக்குத் தெரியும், வரி மேலே ஏறிக்கொண்டே போகும். உடம்பு சௌகரியம், கன்றுக்குட்டி சௌகரியம் என்று எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி இருந்தது:

'அத்தான், ஆறு மாசம்னு எழுதியிருக்கீயளே, அது புள்ளி வச்ச ஆறா, வைக்காத ஆறா? சொன்னா அதுக்குத் தக்கன மனச வச்சுக்கிடுவேன்.'

அறையில் வாய்விட்டுச் சிரித்தேன். பாயில் படுத்திருந்த பால்ராஜ் அண்ணன் முழித்துக்கொண்டார். "ஏல முத்து, என்னல சிரிக்க?" என்றார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்த வழியிலேயே வேறு ஏதோ வந்துவிட்டது. அவர் பாயில் நகர்ந்து பாதி இடம் விட்டார்.

வள்ளி, நீ ஐப்பசியில் பிறந்தாய். தந்தி வந்த அன்றைக்கு நான் யாருடைய தாளையோ பார்த்துத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணி அதற்கு முன்பே கல்யாணமாகி டில்லி போய்விட்டாள். மாடியில் தமிழ் நின்றுவிட்டது. மேரியிடம் "டாட்டர்" என்றேன். அவள் எழுந்து வந்து கை குலுக்கினாள். அன்றைய பேச்சு அவ்வளவுதான். ஆறு மாதம் என்று சொன்னது ஏழு மாதத்துக்கு மேல் ஓடி, நான் ஊருக்கு வந்தபோது உனக்கு நாலரை மாதம். என்னைப் பார்த்ததும் வீறிட்டாய். உன் அம்மா உன்னை என் கையில் கொடுத்துக்கொண்டே, "புள்ளி வச்ச ஆறுன்னு அப்பவே எழுதியிருக்கலாம்லா?" என்றாள்.

அதன் பிறகு அந்தக் கேள்வி நம் வீட்டை விட்டுப் போகவில்லை. ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று நான் செருப்பை மாட்டினால் போதும், அடுக்களையிலிருந்து "புள்ளி வச்சதா, வைக்காததா?" என்று வரும். டோம்பிவிலிக்குக் குடி போனபோது சாமான் ஏற்ற மூன்று நடைதான் என்றேன். லாரிக்காரர் எதிரிலேயே கேட்டாள். அவள் கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில், இன்னும் நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னபோதும் கேட்டாள்.

இப்போது நீங்களும் கேட்கிறீர்கள், பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். நேற்றுகூட ஃபோனில், "ரெண்டு நாள்ல உங்க வீட்டுக்கு வாரேன்" என்றேன். "புள்ளி வச்ச ரெண்டா தாத்தா?" என்று அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. சிரித்து முடித்ததும் ஃபோனை வைத்துவிட்டீர்கள்.

உங்கள் அம்மா அப்படி இல்லை. கேட்டுவிட்டு, கையில் கரண்டியோடு நிலைப்படியில் வந்து நிற்பாள். நான் பதில் சொல்கிற வரைக்கும் போகமாட்டாள்.